அழற்சி எதிர்ப்பு வலிநிவாரணிகளும் குருதி உறைதலும்

ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள் என்பவை வலி, காய்ச்சல், வீக்கம் ஆகிய மூன்றையும் தணிக்கும் மருந்துத் தொகுதியாகும். ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்சென், மெஃபெனாமிக் அமிலம், கீட்டோரோலாக், பைராக்சிகாம், செலெகாக்சிப் முதலியன இத்தொகுதியைச் சேர்ந்தவை. தலைவலி, பல்வலி, மூட்டுவலி, மாதவிடாய் வலி, சுளுக்கு எனப் பல தேவைகளுக்கு இவை நாள்தோறும் பயன்படுகின்றன. இவற்றுள் பல, மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே மருந்துக் கடைகளில் கேட்டு வாங்கப்படுகின்றன.

இம்மருந்துகள் வலியைக் குறைப்பதோடு நின்றுவிடுவதில்லை. குருதி உறையும் செயலிலும் தலையிடுகின்றன. சில மருந்துகள் குருதிக்கசிவை எளிதாக்குகின்றன. சில மருந்துகள் அதற்கு மாறாக, குருதிக்குழாயினுள் உறைகட்டி உண்டாகும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஒரே மருந்து ஒருவருக்கு இரைப்பையில் குருதிக்கசிவையும் மற்றொருவருக்கு மாரடைப்பையும் ஏற்படுத்தக்கூடும். முரண்பாடாகத் தோன்றும் இவ்விரு விளைவுகளும் ஒரே வேதிவினையிலிருந்து பிறப்பவை.

குருதி உறைதல் நடைபெறும் முறை

குருதிக்குழாய் வெட்டுப்பட்டவுடன் உடல் மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலில், அடிபட்ட குழாய் சுருங்கி, வெளியேறும் குருதியின் அளவைக் குறைக்கிறது. இரண்டாவதாக, குருதிச் சிறுதட்டுகள் எனப்படும் தட்டணுக்கள் காயத்தில் ஒட்டி ஒன்றோடொன்று சேர்ந்து தற்காலிக அடைப்பை உண்டாக்குகின்றன. மூன்றாவதாக, குருதி நீர்மத்தில் உள்ள உறைதல் காரணிகள் ஒன்றையொன்று தூண்டி, இறுதியில் ஃபைப்ரின் என்னும் நார்ப் புரதத்தை உருவாக்குகின்றன. இந்த நார்கள் வலைபோலப் பின்னி, தட்டணு அடைப்பை உறுதிப்படுத்துகின்றன. சுவரில் விழுந்த ஓட்டையைக் கல்லால் அடைத்துப் பிறகு அதன்மேல் சிமெண்டு பூசுவதோடு இதனை ஒப்பிடலாம். தட்டணுக்கள் கல், ஃபைப்ரின் சிமெண்டு.

அழற்சி எதிர்ப்பு வலிநிவாரணிகள் தலையிடுவது இரண்டாவது வேலையில்தான். அவை உறைதல் காரணிகளை நேரடியாகத் தொடுவதில்லை. எனவே ஆஸ்பிரினை 'இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து' என்று கூறுவது வழக்கில் இருந்தாலும் அறிவியல்படி சரியன்று. குருதி நீர்த்துப்போவதில்லை, தட்டணுக்கள் ஒன்றுசேரும் திறன் குறைகிறது.

நலமுள்ள ஒருவரின் ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் ஏறத்தாழ 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் இருக்கும். எலும்பு மச்சையிலுள்ள பெரிய உயிரணுக்களிலிருந்து உடைந்து வரும் துண்டுகளே இவை. இவற்றுக்கு உட்கரு இல்லை. ஆயுள் 7 முதல் 10 நாட்கள். உட்கரு இல்லாமையால், தம்மிடமுள்ள ஒரு புரதம் பழுதடைந்தால் அதற்கு மாற்றாகப் புதிய புரதத்தைப் போதிய அளவில் உண்டாக்கிக்கொள்ள இவற்றால் இயலாது. ஆஸ்பிரினின் செயலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி மிகவும் இன்றியமையாதது.

ஒரு நொதி, இரு வடிவங்கள்

உயிரணுக்களின் சவ்வில் அராக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் உள்ளது. உயிரணு தூண்டப்படும்போது இது விடுபடுகிறது. சைக்ளோஆக்சிஜனேஸ் என்னும் நொதி இதனைப் புரோஸ்டாகிளாண்டின் எச்2 என்னும் இடைப்பொருளாக மாற்றுகிறது. அந்த இடைப்பொருளிலிருந்து, அது உருவான உயிரணுவின் தன்மைக்கேற்ப வெவ்வேறு இறுதிப்பொருட்கள் கிடைக்கின்றன.

தட்டணுக்களில் கிடைப்பது துரோம்பாக்சேன் ஏ2. இது பிற தட்டணுக்களை அழைத்து ஒன்றுசேர்க்கிறது, குருதிக்குழாயையும் சுருக்குகிறது. இதன் அரை ஆயுள் ஏறக்குறைய 30 நொடிகள் மட்டுமே. அதனால் காயம்பட்ட இடத்திலேயே வேலையை முடித்துவிட்டு மறைந்துவிடுகிறது.

குருதிக்குழாயின் உட்சுவரில் கிடைப்பது புரோஸ்டாசைக்ளின். இதன் வேலை நேர் எதிரானது. தட்டணுக்கள் தேவையின்றி ஒன்றுசேர்வதைத் தடுக்கிறது, குழாயை விரிக்கிறது.

இரைப்பையின் உட்படலத்தில் கிடைக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் அமிலத்திலிருந்து அப்படலத்தைக் காக்கும் சளிப்பொருளைச் சுரக்கச் செய்கின்றன. அழற்சியுற்ற மூட்டிலோ திசுவிலோ கிடைக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் வலியையும் வீக்கத்தையும் மிகுவிக்கின்றன.

சைக்ளோஆக்சிஜனேஸ் நொதிக்கு இரண்டு முதன்மை வடிவங்கள் உண்டு. அவை சுருக்கமாகக் காக்ஸ்-1, காக்ஸ்-2 எனப்படுகின்றன. காக்ஸ்-1 பெரும்பாலான திசுக்களில் எப்போதும் இருப்பது. முதிர்ந்த தட்டணுக்களில் உள்ளது பெரும்பாலும் இதுவே. இரைப்பையைக் காப்பதிலும் இதற்கே பெரும் பங்கு உண்டு. காக்ஸ்-2 அழற்சியின்போது பெருமளவில் தோன்றுவது. ஆனால் அழற்சி இல்லாதபோதும் சிறுநீரகத்தில் இது உள்ளது. உட்சுவர் புரோஸ்டாசைக்ளினை உண்டாக்குவதிலும் இதற்குப் பங்கு உண்டு.

சுருங்கக் கூறின், துரோம்பாக்சேன் 'சேர்' என்கிறது. புரோஸ்டாசைக்ளின் 'விலகு' என்கிறது. இவ்விரண்டும் சமநிலையில் இருக்கும்வரை காயம் ஏற்பட்ட இடத்தில் குருதி உறையும். காயமில்லாத குழாயில் தடையின்றி ஓடும். எந்த மருந்து இந்தத் தராசின் எந்தத் தட்டைக் குறைக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் விளைவு அமைகிறது.

வரலாறு

வில்லோ மரப்பட்டையைக் காய்ச்சலுக்குப் பயன்படுத்தியது பற்றி இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வர்டு ஸ்டோன் என்னும் மதகுரு 1763ஆம் ஆண்டு இராயல் சொசைட்டிக்குத் தெரிவித்தார். அப்பட்டையின் வேதிப்பொருளோடு தொடர்புடைய அசிட்டைல்சாலிசிலிக் அமிலத்தை 1897ஆம் ஆண்டு ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் பெலிக்ஸ் ஹாஃப்மன் தூய வடிவில் தயாரித்தார். 1899ஆம் ஆண்டு முதல் அது ஆஸ்பிரின் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. அடுத்த அரை நூற்றாண்டுக் காலம் அது வலிக்கும் காய்ச்சலுக்கும் உரிய மருந்தாக மட்டுமே கருதப்பட்டது.

குருதி உறைதலோடு அதற்குள்ள தொடர்பை முதலில் கவனித்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பொது மருத்துவராகப் பணியாற்றிய லாரன்ஸ் கிரேவன். தொண்டைச் சதை அறுவைக்குப் பின் வலி தணிய, ஆஸ்பிரின் கலந்த சூயிங்கத்தை மென்ற நோயாளிகள் சிலருக்குக் குருதி நிற்காமல் கசிவதை அவர் கண்டார். குருதி உறையவிடாமல் செய்யும் ஒரு பொருள், இதயத் தமனியில் உறைகட்டி தோன்றுவதையும் தடுக்குமல்லவா என்று எண்ணினார். 1950 முதல் 1956 வரை தம் அனுபவங்களைச் சிறிய மருத்துவ இதழ்களில் வெளியிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடுக்கப்படாத குழு எதுவும் அவருடைய பணியில் இல்லை. எனவே மருத்துவ உலகம் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. அவர் 1957இல் காலமானார். அவருடைய ஊகத்தில் உண்மை இருந்தது என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே உறுதியாயிற்று.

1971ஆம் ஆண்டு இலண்டனில் ஜான் வேன், ஆஸ்பிரினும் அதனையொத்த மருந்துகளும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று காட்டினார். 1975இல் ஸ்வீடனில் பெங்ட் சாமுவெல்சன் குழுவினர் துரோம்பாக்சேன் ஏ2 பொருளைக் கண்டறிந்தனர். 1976இல் வேன் குழுவினர் புரோஸ்டாசைக்ளினைக் கண்டறிந்தனர். தராசின் இரு தட்டுகளும் இவ்வாறு அடுத்தடுத்து வெளிப்பட்டன. 1982ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு சுனே பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன், வேன் ஆகிய மூவருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது.

ஆஸ்பிரின்: மீளாத தடை

ஆஸ்பிரின் காக்ஸ்-1 நொதியின் ஓர் இடத்தில் அசிட்டைல் தொகுதியை நிலையாக ஒட்டிவிடுகிறது. அதன்பின் அராக்கிடோனிக் அமிலம் நொதியின் வினைபுரியும் இடத்தை அடைய முடியாது. பூட்டுக்குள் சாவி ஒடிந்து சிக்கிக்கொண்டது போன்ற நிலை இது. மருந்து குருதியிலிருந்து சில மணி நேரத்தில் நீங்கிவிட்டாலும், பூட்டு பழுதானது பழுதானதுதான்.

பிற உயிரணுக்கள் சில மணி நேரத்தில் புதிய நொதியை உண்டாக்கிக்கொள்கின்றன. உட்கரு இல்லாத தட்டணுவால் அவ்வாறு செய்ய இயலாது. ஆகவே ஒரு தட்டணு ஒருமுறை ஆஸ்பிரினால் பாதிக்கப்பட்டால், தன் வாழ்நாள் முழுதும் துரோம்பாக்சேன் உண்டாக்காது. எலும்பு மச்சையிலிருந்து நாள்தோறும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தட்டணுக்கள் புதிதாக வருவதால், மருந்தை நிறுத்தியபின் நிலைமை படிப்படியாகச் சீராகிறது. முழுமையாகச் சீராக 7 முதல் 10 நாட்கள் ஆகலாம்.

இதனால்தான் மாரடைப்பைத் தடுக்க நாளொன்றுக்கு 75 முதல் 100 மில்லிகிராம் வரையிலான சிறிய அளவே போதுமானதாகிறது. வாய்வழி உட்கொண்ட ஆஸ்பிரின், குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் வழியிலேயே அங்கு வரும் தட்டணுக்களைப் பாதித்துவிடுகிறது. உடலின் பிற பகுதிகளை அடையும் அளவு குறைவாக இருப்பதால், குழாய்ச் சுவரின் புரோஸ்டாசைக்ளின் பெருமளவு தப்பிக்கிறது. 'சேர்' என்னும் குரல் அடங்குகிறது. 'விலகு' என்னும் குரல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், மாரடைப்பு ஏற்பட்டதாகக் கருதப்பட்ட 17,187 நோயாளிகள் பங்கேற்றனர். ஒரு மாதம் நாள்தோறும் சுமார் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் பெற்றவர்களிடையே, இதய-குருதிக்குழாய் நோய்களால் ஐந்து வாரங்களுக்குள் நேர்ந்த இறப்பு, மருந்தற்ற மாத்திரை பெற்றவர்களைவிட 23 விழுக்காடு குறைவாக இருந்தது.

ஆனால் இப்பயன் எல்லோருக்கும் பொருந்துவதன்று. 2018இல் வெளியான ஆஸ்பிரீ ஆய்வில், இதய நோய் இல்லாத 19,114 முதியவர்கள் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு இதய நோய் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. பெரும் குருதிக்கசிவுகளோ கூடின. எனவே ஏற்கெனவே மாரடைப்பு அல்லது உறைகட்டியால் பக்கவாதம் வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்களுக்கும் பயன்படும் மருந்தை, நலமாக உள்ள முதியவர் 'முன்னெச்சரிக்கை' என்று தாமாகத் தொடங்குவது நன்மையைவிடத் தீமையே தரக்கூடும்.

பிற வலிநிவாரணிகள்: மீளும் தடை

இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் முதலியவை நொதியோடு தற்காலிகமாகவே இணைகின்றன. குருதியில் மருந்தின் அளவு குறையக் குறைய, அவை நொதியை விட்டு விலகுகின்றன. தட்டணு மீண்டும் வேலை செய்யத் தொடங்குகிறது. எனவே இவற்றின் விளைவு, மருந்து உடலில் தங்கும் நேரத்தைப் பொறுத்தது.

மருந்தின் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம் அதன் அரை ஆயுள் எனப்படும். இபுபுரோஃபெனின் அரை ஆயுள் ஏறக்குறைய 2 மணி நேரம். டைக்ளோஃபெனாக்கினுடையது 1 முதல் 2 மணி நேரம். நாப்ராக்செனுடையது 12 முதல் 17 மணி நேரம். பைராக்சிகாமினுடையது ஏறத்தாழ 50 மணி நேரம். ஐந்து அரை ஆயுட்காலம் கடந்தால் மருந்து பெரும்பாலும் நீங்கிவிட்டதாகக் கொள்ளலாம். இக்கணக்குப்படி நலமுள்ள ஒருவருக்கு இபுபுரோஃபெனின் விளைவு ஒரு நாளுக்குள்ளும், நாப்ராக்செனின் விளைவு மூன்று நான்கு நாட்களிலும், பைராக்சிகாமின் விளைவு ஏறத்தாழ பத்து நாட்களிலும் நீங்கும்.

இவையும் தட்டணுக்களைத் தடுப்பவைதாமே, ஆஸ்பிரினைப் போல மாரடைப்பைத் தடுக்கலாமே என்ற கேள்வி எழலாம். துரோம்பாக்சேன் உற்பத்தி 95 விழுக்காட்டிற்கு மேல், இடைவிடாமல் தடைப்பட்டால்தான் தட்டணுக்களின் சேரும் திறன் போதிய அளவு குறைகிறது. இபுபுரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் தளர்ந்துவிடுகின்றன. குருதிக்கசிவை உண்டாக்கப் போதுமான தடை உண்டு. இதயத்தைக் காக்கப் போதுமான தொடர்ச்சி இல்லை. ஆகவே ஆஸ்பிரினுக்குப் பதிலாக இவற்றைப் பயன்படுத்த முடியாது.

ஆஸ்பிரினுக்கு இபுபுரோஃபென் உண்டாக்கும் இடையூறு

இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவருக்கு முழங்கால் வலி வந்து, கடையில் இபுபுரோஃபென் வாங்கி உட்கொள்வது வழக்கமாக நிகழக்கூடியது. இதில் வெளியே தெரியாத ஒரு சிக்கல் உள்ளது. இபுபுரோஃபென் முதலில் உள்ளே சென்றால், அது நொதியின் வழியில் நின்றுகொண்டு ஆஸ்பிரினை உள்ளே விடுவதில்லை. ஆஸ்பிரினோ குருதியில் சிறிது நேரமே இருக்கும். இபுபுரோஃபென் விலகும் வேளையில் ஆஸ்பிரின் சிதைந்து போயிருக்கும். நோயாளி இரண்டு மாத்திரைகளையும் தவறாமல் எடுத்திருப்பார். ஆனால் இதயப் பாதுகாப்பு கிடைத்திருக்காது.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2006ஆம் ஆண்டு இது குறித்து அறிவுறுத்தியது. மேற்பூச்சு இல்லாத சாதாரண ஆஸ்பிரினை எடுத்து குறைந்தது 30 நிமிடங்களுக்குப் பிறகோ, அல்லது ஆஸ்பிரின் எடுப்பதற்கு 8 மணி நேரத்திற்கு முன்னரோ இபுபுரோஃபென் எடுக்கலாம் என்பது அதன் பரிந்துரை. இது எப்போதாவது எடுப்பவருக்கு உரியது. குடலில் மட்டும் கரையும் பூச்சுடைய ஆஸ்பிரின் மெதுவாக உட்கிரகிக்கப்படுவதால் அதற்கு இந்த நேரக்கணக்கு பொருந்தாது. நாள்தோறும் வலிநிவாரணி தேவைப்படும் இதய நோயாளி, மருத்துவரிடம் கேட்டு வேறு வழியைத் தேர்வதே முறை.

காக்ஸ்-2 தடுப்பிகளும் உறைகட்டி அபாயமும்

பழைய மருந்துகள் இரைப்பையைப் புண்ணாக்குவது காக்ஸ்-1 நொதியைத் தடுப்பதால்தான் என்று அறிந்ததும், காக்ஸ்-2 நொதியை மட்டும் தடுக்கும் மருந்துகளைத் தேடினர். 1998 இறுதியில் செலெகாக்சிப்பும் 1999இல் ரோஃபெகாக்சிப்பும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

2000ஆம் ஆண்டு வெளியான விகர் ஆய்வு, முடக்குவாத நோயாளிகள் 8,076 பேரிடம் ரோஃபெகாக்சிப்பையும் நாப்ராக்செனையும் ஒப்பிட்டது. எதிர்பார்த்தபடி, ரோஃபெகாக்சிப் எடுத்தவர்களிடம் இரைப்பைக் கோளாறுகள் குறைவாக இருந்தன. ஆனால் மாரடைப்பு அவர்களிடம் 0.4 விழுக்காடாகவும், நாப்ராக்சென் எடுத்தவர்களிடம் 0.1 விழுக்காடாகவும் இருந்தது. நாப்ராக்சென் இதயத்தைக் காத்ததால் வந்த வேறுபாடு இது என்று தொடக்கத்தில் விளக்கம் கூறப்பட்டது. பின்னர், மருந்தற்ற மாத்திரையோடு ஒப்பிட்ட மற்றோர் ஆய்விலும் ரோஃபெகாக்சிப் குழுவில் மாரடைப்பும் பக்கவாதமும் மிகுதியாகக் காணப்பட்டன. 2004 செப்டம்பர் 30ஆம் நாள் அம்மருந்து உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது.

காரணம் தராசில்தான் இருந்தது. காக்ஸ்-2 மட்டும் தடுக்கப்படும்போது குழாய்ச் சுவரின் புரோஸ்டாசைக்ளின் குறைகிறது. தட்டணுக்களின் துரோம்பாக்சேன் குறைவதில்லை. 'விலகு' என்னும் குரல் அடங்கி, 'சேர்' என்னும் குரல் மட்டும் ஒலிக்கிறது. இதோடு, சிறுநீரகத்தில் உப்பும் நீரும் தங்குவதால் குருதியழுத்தமும் கூடுகிறது. கொழுப்புப் படிந்த இதயத் தமனியை உடையவருக்கு இச்சாய்வு ஆபத்தானது.

இக்குறை காக்ஸ்-2 மருந்துகளுக்கு மட்டும் உரியதன்று. பழைய மருந்தான டைக்ளோஃபெனாக்கும் காக்ஸ்-2 நொதியைக் கணிசமாகத் தடுப்பதே. 2013இல் லான்செட் இதழில் வெளியான பெரும் தொகுப்பாய்வின்படி, உயர் அளவில் காக்ஸ்-2 தடுப்பிகளையோ டைக்ளோஃபெனாக்கையோ ஓராண்டு எடுக்கும் 1,000 பேரில் கூடுதலாக ஏறத்தாழ 3 பேருக்குப் பெரும் இதய-குருதிக்குழாய்ப் பாதிப்பு நேர்கிறது. அவற்றுள் ஒன்று இறப்பில் முடிகிறது. உயர் அளவு நாப்ராக்சென் இந்த அபாயத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. ஆனால் இரைப்பை, முன்சிறுகுடல் சிக்கல்களை அனைத்து மருந்துகளுமே கூட்டின. 2015இல் அமெரிக்க நிர்வாகம், ஆஸ்பிரின் அல்லாத இத்தொகுதி மருந்துகளைப் பயன்படுத்தத் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே மாரடைப்பு, பக்கவாத அபாயம் தோன்றக்கூடும் என்று எச்சரிக்கையை வலுப்படுத்தியது.

இரைப்பையில் குருதிக்கசிவு

குருதிக்கசிவு மிகுதியாக நிகழும் இடம் இரைப்பையும் முன்சிறுகுடலும் ஆகும். இங்கு மருந்து இரு வழிகளில் தீங்கு செய்கிறது. காக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் குறைவதால் புண் உண்டாகிறது. தட்டணுக்கள் செயல் குன்றுவதால் அப்புண்ணிலிருந்து கசியும் குருதி எளிதில் நிற்பதில்லை. மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் ஆசனவாய் வழியே வைத்தாலும் இந்த விளைவு உண்டு. ஏனெனில் இரைப்பையைப் பாதிப்பது மாத்திரை நேரடியாகப் படுவது மட்டுமன்று. குருதி வழியே வரும் மருந்தும்தான். உணவுக்குப் பின் எடுத்தால் எரிச்சல் குறையலாம். குருதிக்கசிவு அபாயம் நீங்கிவிடாது. வலியுள்ள இடத்தில் தோலின்மேல் தடவும் களிம்பிலிருந்து குருதிக்குச் செல்லும் அளவு மிகக் குறைவு என்பதால், முழங்கால் போன்ற மூட்டுகளின் வலிக்கு முதலில் அதனை முயன்று பார்ப்பது நல்லது.

அறுபது வயதைக் கடந்தவர்கள், முன்பு குடற்புண் வந்தவர்கள், மது அருந்துவோர், ஒன்றுக்கு மேற்பட்ட வலிநிவாரணிகளை ஒரே காலத்தில் எடுப்பவர்கள் ஆகியோருக்கு அபாயம் மிகுதி. தேவைப்படும்போது மருத்துவர்கள் ஓமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்தைச் சேர்த்துத் தருவர்.

டெங்குக் காய்ச்சலில் ஏன் தவிர்க்க வேண்டும்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மழைக்காலத்தையொட்டி டெங்கு பரவுவது வழக்கம். இந்நோயில் தட்டணுக்களின் எண்ணிக்கை குறைகிறது. நுண்குழாய்களிலிருந்து குருதி நீர்மம் கசிகிறது. எஞ்சியிருக்கும் தட்டணுக்களையும் செயலிழக்கச் செய்யும் மருந்தை இந்நிலையில் கொடுத்தால், எண்ணிக்கைக் குறைவோடு செயற்குறைவும் சேர்ந்துகொள்கிறது. இரைப்பைப் படலமும் புண்படுவதால் உட்குருதிக்கசிவு உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனவே டெங்கு என்று ஐயமிருந்தால் ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம் முதலியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், போதிய நீராகாரம், ஈரத்துணியால் துடைத்தல் ஆகியவையே போதும். பாராசிட்டமால் தட்டணுக்களின் மீது மிகக் குறைந்த விளைவையே உடையது. எனினும் அதன் அளவை மீறினால் கல்லீரல் பாதிக்கப்படும். காய்ச்சல் தணியும் வேளையிலேயே டெங்குவின் கடுமையான கட்டம் தொடங்குவதால், காய்ச்சல் விட்டது என்று மருத்துவக் கண்காணிப்பை விட்டுவிடலாகாது.

சிக்குன்குன்யா நோயில் மூட்டுவலி கடுமையாக இருக்கும். அதுவும் டெங்குவைப் பரப்பும் அதே கொசுவால் வருவது. தொடக்கத்தில் இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. ஆகவே டெங்கு இல்லை என உறுதியாகும்வரை மூட்டுவலிக்கும் இம்மருந்துகளைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

இங்கு மற்றொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. இந்தியாவில் பாராசிட்டமாலோடு இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் அல்லது மெஃபெனாமிக் அமிலம் சேர்ந்த கூட்டு மருந்துகள் பல விற்கப்படுகின்றன. 'காய்ச்சல் மாத்திரை' என்று கேட்டு வாங்கும்போது இவை கைக்கு வரக்கூடும். குழந்தைகளுக்கான திரவ மருந்துகளிலும் இத்தகைய கூட்டுகள் உண்டு. பெயர் எதுவாயினும், அட்டையில் சிறிய எழுத்தில் அச்சிட்டுள்ள மூலப்பொருட்களைப் படித்தபின் உட்கொள்ள வேண்டும்.

பிற மருந்துகளோடும் நோய்களோடும் சேரும்போது

வார்ஃபரின் போன்ற உறைவெதிர்ப்பி மருந்துகள் உறைதல் காரணிகளைக் குறைக்கின்றன. முன்னர்க் கூறிய ஒப்புமையின்படி, அவை சிமெண்டைக் குறைப்பவை. வலிநிவாரணிகள் கல்லைக் குறைப்பவை. இரண்டும் சேர்ந்தால் ஓட்டையை அடைக்க எதுவும் மிஞ்சாது. செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்கள், கால் சிரைகளில் உறைகட்டி வந்தவர்கள் முதலியோர் வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருக்கும்போது, சாதாரணப் பல்வலிக்கு வாங்கும் மாத்திரையும் பெரும் குருதிக்கசிவுக்குக் காரணமாகலாம்.

குளோபிடோக்ரல் மருந்து தட்டணுக்களை வேறொரு வழியில் தடுப்பது. அதனோடு வலிநிவாரணி சேர்ந்தாலும் கசிவு அபாயம் கூடும். மனச்சோர்வுக்குத் தரப்படும் செரோட்டோனின் வகை மருந்துகள் சிலவும் தட்டணுக்களிலுள்ள செரோட்டோனின் இருப்பைக் குறைப்பதால் இவ்வபாயத்தை மிகுவிக்கின்றன.

ஹீமோஃபீலியா, வான் வில்லிபிராண்ட் நோய் போன்ற பிறவிக் குருதிக்கசிவு நோய்கள் உடையோர் ஆஸ்பிரினை அறவே தவிர்க்க வேண்டும். இத்தொகுதியின் பிற மருந்துகளைத் தம் மருத்துவரின் அனுமதியோடு மட்டுமே எடுக்கலாம். கருவுற்ற பெண்கள் 20 வாரங்களுக்குப் பிறகு மருத்துவர் கூறாமல் இம்மருந்துகளை எடுக்கலாகாது. மருத்துவரே குறிப்பிட்ட காரணத்திற்காகத் தரும் சிறிய அளவு ஆஸ்பிரின் இதற்கு விலக்கு. வைரசுக் காய்ச்சலின்போது சிறுவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி என்னும் அரிய, கொடிய நிலை உண்டாகலாம்.

அறுவை சிகிச்சையும் பல் பிடுங்குதலும்

அறுவைக்கு முன் இம்மருந்துகளை எத்தனை நாட்களுக்கு முன்பு நிறுத்த வேண்டும் என்பது மருந்தின் தன்மையைப் பொறுத்தது. மீளும் தடையுடையவற்றுக்கு அரை ஆயுளைக் கொண்டு கணக்கிடுவர். ஆஸ்பிரினுக்கு 7 முதல் 10 நாட்கள் என்பது பொதுவான கணக்கு.

ஆனால் ஆஸ்பிரின் எடுக்கும் எல்லோரும் அதனை நிறுத்த வேண்டும் என்பது தவறு. அண்மையில் இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர் மருந்தைத் திடீரென நிறுத்தினால், ஸ்டென்டினுள் உறைகட்டி தோன்றி மாரடைப்பு வரக்கூடும். பல் பிடுங்குதல் போன்ற சிறு சிகிச்சைகளில், பஞ்சை அழுத்திக் கடித்தல், தையல் இடுதல் முதலிய வழிகளால் கசிவைப் பெரும்பாலும் நிறுத்திவிட முடியும்; அதற்காக ஆஸ்பிரினை நிறுத்துவது வழக்கமன்று. நோயாளி செய்ய வேண்டியது ஒன்றே: தாம் எடுக்கும் எல்லா மருந்துகளையும், கடையில் தாமாக வாங்கியவை உட்பட, மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் மறைக்காமல் கூறுவது. நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

குருதிப் பரிசோதனையில் தெரியுமா?

வழக்கமான குருதிப் பரிசோதனையில் தட்டணுக்களின் எண்ணிக்கையே தெரியும். இம்மருந்துகள் எண்ணிக்கையைப் பொதுவாக மாற்றுவதில்லை, செயலையே மாற்றுகின்றன. அவ்வாறே, உறைதல் காரணிகளை அளவிடும் புரோத்ரோம்பின் நேரப் பரிசோதனையும் இம்மருந்தை மட்டும் எடுப்பவருக்குப் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆகவே 'பரிசோதனை முடிவு சரியாக இருக்கிறது' என்பது குருதிக்கசிவு நேராது என்பதற்கு உறுதி அன்று. தட்டணுக்களின் செயலை அளக்கத் தனிப் பரிசோதனைகள் உள்ளன. அவை எல்லா ஆய்வகங்களிலும் செய்யப்படுவதில்லை. மருந்துகள் பற்றி நோயாளி தரும் செய்தியே பல நேரங்களில் பரிசோதனையைவிடப் பயனுள்ளது.

உடனே மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகள்

இம்மருந்துகளை எடுப்பவர்களிடம் பின்வருவன காணப்பட்டால் மருந்தைத் தொடராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருத்துவர் எழுதித் தந்த இதய ஆஸ்பிரினைப் பொறுத்தவரை, நிறுத்துவது பற்றி மருத்துவரே முடிவு செய்வார்.

1. மலம் தார்போல் கறுத்து, பிசுபிசுப்பாகப் போதல். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கலாம். ஆயினும் ஐயம் இருந்தால் காட்டிவிடுவது நல்லது.
2. குருதி வாந்தி, அல்லது காப்பித்தூள் போன்ற நிறத்தில் வாந்தி.
3. நிற்காமல் மூக்கிலிருந்தோ ஈறுகளிலிருந்தோ குருதி வடிதல். அடிபடாமலே தோலில் கன்றிய திட்டுகள் தோன்றுதல்.
4. காரணமின்றித் தலைசுற்றல், முகம் வெளிறுதல், மயக்கம்.
5. நெஞ்சில் இறுக்கம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மூச்சுத்திணறல்.
6. முகம் ஒருபுறம் கோணுதல், கை அல்லது கால் திடீரென வலுவிழத்தல், பேச்சுக் குழறல்.

முதல் நான்கும் குருதிக்கசிவைக் குறிப்பவை. ஐந்தாவது மாரடைப்பைக் குறிப்பது. ஆறாவது பக்கவாதத்தைக் குறிப்பது; அது மூளையில் உறைகட்டியாலும் வரலாம், குருதிக்கசிவாலும் வரலாம். எனவே அப்போது வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பது தவறு. ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே எது என்று தெரியும்.

வலிநிவாரணியைக் குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வகையாக எடுப்பது என்பது இம்மருந்துகள் அனைத்திற்கும் பொருந்தும் பொது விதியாகும். இக்கட்டுரை பொது அறிவுக்கு உரியது; மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அன்று.